‘சுடர்’ என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்: ‘சுடு’ என்ற வினையோடு அதற்கு உள்ள உறவு

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவர்க்கும் வணக்கம். எங்கள் மகளுக்குச் ‘சுடர்விழி’ என்று பெயர் வைக்க எண்ணியிருக்கிறோம். பெயரைச் சொன்னவர் என் மாமனார். வீட்டில் எல்லார்க்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் என் அத்தை மட்டும் இரண்டு காரணங்களைச் சொல்லித் தயங்குகிறார். முதலாவது, ‘சுடர்’ என்பது ‘சுடு’ என்பதிலிருந்து வந்தது, அதே சுடுவிலிருந்துதான் சுடுகாடும் சுடலையும் வந்தன, அந்த உறவுள்ள சொல்லைப் பச்சைக் குழந்தைக்கு வைக்கலாமா என்பது. இரண்டாவது, சுடர் என்றால் ஒருநாள் அணையும் என்பது. அத்தை பள்ளியிறுதி வரை தமிழை நன்றாகப் படித்தவர். பிள்ளைகளின் மீது உயிரையே வைத்திருப்பவர். ஆகவே அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு அவரிடம் பொறுமையாகப் பேச விரும்புகிறேன்.

நான் கேட்க விரும்புவன இவை. ‘சுடர்’ உண்மையிலேயே ‘சுடு’ என்ற வேரிலிருந்து பிறந்ததா, அல்லது வடமொழியின் ‘சுவாலை’, ‘சோதி’ போன்ற சொற்களோடு தொடர்புடையதா? இணையத்தில் ஓரிடத்தில் ‘சுவாலை என்பதே சுடர் என்று திரிந்தது’ என்று எழுதியிருந்தார்கள். சுடு என்பதுதான் வேர் என்றால், குளிர்ந்த நிலவைச் சுடர் என்று புலவர்கள் அழைப்பது எப்படிப் பொருந்தும்? ‘ஒளி’ என்பதற்கும் ‘சுடர்’ என்பதற்கும் பொருளில் என்ன வேறுபாடு? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பொருநைக்கரை

அன்புடையீர், உங்கள் அத்தையார் சொன்ன சொற்பிறப்பு முற்றிலும் சரி. சுடர், சுடலை, சுடுகாடு, சூடு ஆகிய நான்கும் ‘சுடு’ என்ற ஒரே வேரில் கிளைத்தவைதாம். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் மொழியின் வரலாறு ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் அமைப்பைப் பார்ப்போம். தமிழில் ஒரு குறுகிய வினையடி ‘அர்’ என்ற ஈறு பெற்று நீண்டு, தொடர்ந்து நிகழும் அல்லது பரவி நிற்கும் ஒரு நிலையைக் குறிப்பது உண்டு. தொடு என்பதிலிருந்து தொடர், அடு என்பதிலிருந்து அடர் என்பன அவ்வாறு அமைந்தவை. தொடுதல் ஒரு கணத்துச் செயல். தொடர்தல் விடாமல் நிகழ்வது. அடுத்தல் நெருங்குவது, அடர்தல் நெருங்கியபடியே நிறைந்திருப்பது. அந்த வரிசையில்தான் சுடுதலும் சுடர்தலும் நிற்கின்றன. சுடுதல் தீ செய்யும் செயல். சுடர்தல் அந்தத் தீயால் ஒரு பொருள் ஒளி பொருந்தி விளங்கிக்கொண்டே இருத்தல். ‘மலர்’ என்பது ‘மலர்ந்தது’ என்று வினையாகவும் ‘மலரைப் பறித்தாள்’ என்று பெயராகவும் வருவதுபோலச் சுடர் என்பதும் வினையாகவும் பெயராகவும் வரும். ‘சூடு’ வேறு வழியில் பிறந்தது. கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் முதலெழுத்து நீண்டு பெயராவதுபோலச் சுடு என்பது நீண்டு சூடு ஆயிற்று. (மாலை சூடுதல் என்பதில் உள்ள ‘சூடு’ வேறு சொல், அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.)

‘சுவாலை திரிந்து சுடர் ஆயிற்று’ என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சுவாலை என்பது வடமொழியில் எரிதலைக் குறிக்கும் ‘ஜ்வல்’ என்ற வேரிலிருந்து வந்த ‘ஜ்வாலா’ என்பதன் தமிழ் வடிவம். சோதி என்பது ‘ஜ்யோதிஸ்’ என்பதன் தமிழ் வடிவம். இவை இரண்டும் தமிழுக்கு வந்து நன்றாக வேரூன்றியவை; அவற்றின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவற்றில் டகரம் இல்லை. லகரம் டகரமாகி, சொல் நடுவிலிருந்த வகர ஆகாரம் மறைந்து, ஈற்றில் ரகரம் தோன்றி இப்படி ஒரு சொல் உண்டாவதற்குத் தமிழில் வேறு எடுத்துக்காட்டுக் காட்ட முடியாது. வீட்டில் அன்றாடம் புழங்கும் ‘சுடு’ என்ற வினை கையருகே இருக்கும்போது அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை.

இந்த வேரையும் கிளையையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் சான்று திருக்குறளில், தவம் என்ற அதிகாரத்தில், 267ஆம் குறளாக இருக்கிறது.

சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ்
சுடச்சுட நோற்கிற் பவர்க்கு.

முதற்சீரைப் பலர் ‘சுடச்சுட’ என்ற அடுக்குத்தொடராக நினைத்துப் படித்துவிடுகிறார்கள். அங்கே அடுக்கு இல்லை. ‘சுட’ என்ற வினையெச்சமும் ‘சுடரும்’ என்ற பெயரெச்சமும் சேர்ந்து நிற்கின்றன. தீ சுடுவதனால் பொன் சுடர்கிறது என்பது பொருள். உண்மையான அடுக்கு இரண்டாம் அடியில்தான் வருகிறது. வேர்ச்சொல்லையும் அதன் கிளையையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று காரணம், மற்றொன்று விளைவு என்று திருவள்ளுவர் காட்டிவிட்டார். தட்டான் பொன்னைப் புடமிடும்போது கலந்திருந்த மாசு நீங்கிப் பொன்னின் நிறம் மேலும் விளங்கும் அல்லவா? அந்தக் காட்சியில் சுடுதல் அழிவைத் தருவதே இல்லை. மறைந்திருந்த ஒளியை வெளியே கொண்டுவருகிறது. மூன்றாவதாக ‘ஒளிவிடும்’ என்ற சொல்லும் அதே அடியில் இருப்பதைக் கவனியுங்கள். பொன்னுக்குச் ‘சுடரும்’, தவம் செய்பவர்க்கு ‘ஒளிவிடும்’ என்று சொற்களைப் பிரித்து ஆண்டிருக்கிறார். தீயில் கிடக்கும் பொன்னுக்கு வெம்மையோடு கூடிய சொல். மனிதரின் ஞானத்துக்கு வெம்மை சேராத சொல்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையும் இதிலேயே தொடங்குகிறது. ‘ஒளி’ என்பது ‘ஒள்’ என்ற அடியிலிருந்து வந்தது. ஒண்ணுதல், ஒள்ளிழை, ஒண்பொருள் என்பவற்றில் உள்ள ‘ஒள்’ அதுவே. அந்த அடிக்கு வெம்மையோடு உறவில்லை. விளக்கமும் சிறப்புமே அதன் பொருள். ஆகவே ஒளி பரந்து கிடக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ‘அறையில் ஒளி நிறைந்திருந்தது’ என்போம். ‘அறையில் சுடர் நிறைந்திருந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. சுடருக்கு ஓர் இடம் வேண்டும், ஒரு முனை வேண்டும், அதை ஏந்தும் திரியோ விறகோ வேண்டும். மணிவாசகர் சிவபுராணத்தில் ‘மாசற்ற சோதி மலர்ந்த மலர்ச்சுடரே’ என்றும் ‘தோற்றச் சுடரொளியாய்’ என்றும் பாடும்போது இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தே பாடியிருக்கிறார். சோதி மலர்கிறது, அந்த மலர்ச்சியின் முனையில் சுடர் நிற்கிறது. பின்னர் அச்சுடரிலிருந்து பரவுவது ஒளி.

நிலவைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ‘சுடர்’ என்பதற்கு ஒளி, கதிரவன், திங்கள், தீ, விளக்கு ஆகிய பொருள்களைத் தருகிறது. கதிரவன், திங்கள், தீ என்ற மூன்றையும் சேர்த்து ‘முச்சுடர்’ என்பதும், முதல் இரண்டை மட்டும் ‘இருசுடர்’ என்பதும் பழைய வழக்கு. திங்கள் சுடாது என்பது புலவர்களுக்குத் தெரியாததன்று. அதைத் ‘தண்கதிர்’ என்று பாடியவர்களும் அவர்களே. சொல் பிறந்த காலத்தில் இருந்த வெம்மை பின்னர் தேய்ந்து, ‘தானே விளங்கும் ஒளிப்பிழம்பு’ என்ற பொருள் மட்டும் நிலைத்துவிட்டதால் திங்களும் சுடராயிற்று. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு தலைவி தன் தோழியைச் ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ என்று அழைக்கிறாள். சுடர்கின்ற வளையலை அணிந்தவளே என்பது அதன் பொருள். சங்க காலத்திலேயே, கையில் கிடக்கும் குளிர்ந்த வளையல் பளபளப்பதற்கும் ‘சுடர்’ போதுமானதாக இருந்திருக்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் ‘துயரறு சுடரடி தொழுதெழென் மனனே’ என்கிறார். துயரை அறுக்கும் திருவடியைச் சுடர் என்று சொன்னவருக்கு அந்தச் சொல்லில் சுடும் தன்மை ஒரு தடையாகத் தோன்றியிருக்க முடியாது.

இனிச் சுடலையைப் பற்றி. நான் திருநெல்வேலிப் பக்கத்தவன். இங்கும் தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலும் சுடலைமாடன் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. சுடலைமுத்து, சுடலையாண்டி, சுடலைமணி என்று பிள்ளைகளுக்கு விரும்பிப் பெயர் வைக்கிறார்கள். சுடலை என்ற சொல்லையே நேராகக் குழந்தைக்குச் சூட்டி, அதைக் காவல் என்று நம்பும் மக்கள் இத்தனை பேர் இருக்கும்போது, அதன் உறவுச் சொல்லான சுடரைக் கண்டு அஞ்சுவானேன்? சைவத் திருமுறைகளின் முதற்பதிகத்தில், முதற்பாட்டிலேயே, திருஞானசம்பந்தர் ‘காடுடைய சுடலைப் பொடிபூசி என் உள்ளம் கவர் கள்வன்’ என்று பாடிவிட்டார். பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி ‘வையம் தகளியா’ என்று தொடங்கி, அதே முதற்பாட்டில் ‘சுடராழியான்’ என்று திருமாலைச் சொல்கிறது. சைவர் தங்கள் திருமுறைகளின் வாயிலிலும், வைணவர் முதல் திருவந்தாதியின் வாயிலிலும் இந்த வேரின் இரு கிளைகளை வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இதை உங்கள் அத்தையாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓசூர்வாசி

பொருநைக்கரை ஐயா எழுதியதற்குக் கன்னடத்திலிருந்து ஒரு வலுவான துணைச்சான்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் என்பதால், இத்தகைய உறவுகள் தாமாகவே காதில் விழுந்துவிடும்.

கன்னடத்தில் சுடுவதற்கு ‘சுடு’ என்றே சொல்வார்கள். சுடுகாட்டைச் ‘சுடுகாடு’ என்பதற்கு மிக நெருங்கிய ஒலியில் ‘சுடுகாடு’, அதாவது ககரத்தை மெலிதாக ஒலித்து, அழைப்பார்கள். பழைய கன்னட இலக்கியத்தில் விளக்கைக் குறிக்க ‘ஸொடர்’ என்ற சொல் வழங்கியிருக்கிறது. நம்முடைய ‘சுடர்’தான் அது. உகரம் எப்படி ஒகரமாயிற்று என்று ஐயம் எழலாம். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், தமிழில் உகரமாக எழுதப்படுவது கன்னடத்தில் ஒகரமாக வருவது ஒழுங்கான மாற்றம். நம் குடை அங்கே ‘கொடெ’, நம் உடல் அங்கே ‘ஒடல்’, நம் உரல் அங்கே ‘ஒரளு’. அந்த வரிசையில் சுடர் என்பது ‘ஸொடர்’ ஆவது எதிர்பார்க்கத்தக்கதே. இந்த மாற்றம் நமக்கும் அந்நியமன்று. எழுதும்போது உடம்பு, குடம், புடவை என்று எழுதினாலும் பேசும்போது ஒடம்பு, கொடம், பொடவை என்றுதானே சொல்கிறோம்? சுடலைமாடனைச் ‘சொடலமாடன்’ என்று மக்கள் சொல்வதும் இதே விதியின்படிதான்.

மலையாளத்திலும் சுடுக என்ற வினை, சூடு, சுடல, சுடர் ஆகிய நான்கும் சகர ஒலியை வல்லினமாக ஒலித்து வழங்குகின்றன. இத்தனை மொழிகளில் ஒரே வேரும் ஒரே கிளைகளும் இருக்கும்போது, இந்தச் சொற்குடும்பம் தமிழும் கன்னடமும் பிரிவதற்கு முன்பிருந்தே உள்ளது என்று உறுதியாகச் சொல்லலாம். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இத்தகைய உறவுச் சொற்களை மொழிவாரியாகத் திரட்டித் தருவது; சுவாலையிலிருந்து சுடர் வந்தது என்று எழுதியவர் அதை ஒருமுறை புரட்டியிருந்தாலே அப்படி எழுதியிருக்க மாட்டார்.

மறுமொழி: மட்டுநகர்வாசி

இலங்கையில் இச்சொல் வழங்கும் விதத்தையும் இங்கே பதிவு செய்வது பயனுடையது என்று எண்ணுகிறேன். எங்கள் பகுதியில் ‘சுடுதண்ணி’, ‘சுடுசோறு’ என்பன ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் சொற்கள். வெந்நீரைச் சூடு ஆறாமல் வைக்கும் குடுவையைச் ‘சுடுதண்ணிப் போத்தல்’ என்போம். சுடு என்றதும் சுடுகாடுதான் நினைவுக்கு வர வேண்டும் என்றில்லை. அது முதலில் அடுப்படிச் சொல். தோசையும் வடையும் அப்பமும் சுடப்படுபவைதானே. உயிரை வளர்க்கும் தீக்கும் உடலை எரிக்கும் தீக்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது.

‘சுடர்’ என்ற சொல் எங்களிடையே தனியான கனம் பெற்றிருக்கிறது. நினைவேந்தல் நிகழ்வுகள் ‘பொதுச்சுடர்’ அல்லது ‘ஈகைச்சுடர்’ ஏற்றுதலுடன் தொடங்குகின்றன. புலம்பெயர்ந்து வாழ்பவர்களின் நிகழ்ச்சி நிரல்களிலும் இச்சொற்களைக் காணலாம். திருமணம், நூல் வெளியீடு, பள்ளி விழா போன்றவற்றில் ‘மங்கல விளக்கேற்றல்’ என்று எழுதுவோம். விளக்கு என்றால் மங்கலம், சுடர் என்றால் நினைவு என்று ஒரு பிரிவு நிகழ்ச்சி நிரல்களில் உருவாகியிருக்கிறது. ஆனால் பெயர் வைக்கும்போது இந்தப் பிரிவை எவரும் பார்ப்பதில்லை. சுடர்விழி, சுடரொளி, சுடர்மதி என்ற பெயர்களைப் பெற்றோர் மனமுவந்து வைக்கிறார்கள். பெயரில் வரும்போது அச்சொல் நினைவுச்சுடரை ஒருபோதும் குறிப்பதில்லை. பிள்ளையின் முகத்தெளிவையே குறிக்கிறது.

உங்கள் அத்தையின் இரண்டாவது தயக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுடர் அணையும் என்ற அச்சம் அவருடையது மட்டுமன்று, தமிழர் எல்லாருக்கும் பொதுவானது. அதனால்தான் விளக்கை ‘அணை’ என்று சொல்ல விரும்பாமல் ‘குளிர வை’, ‘அமர்த்து’ என்று சொல்கிறோம். தானாக அணைந்துவிட்டால் ‘மலையேறிவிட்டது’ என்கிறோம். நீங்கள் தஞ்சைப் பக்கத்தவர் என்று உங்கள் பெயரால் அறிகிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நொந்தா விளக்கு’, ‘நந்தா விளக்கு’ என்று, அதாவது அணையாமல் எரியும் விளக்கு என்று, மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது பரவலான வழக்கமாக இருந்தது. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு சொல்லும். ஆடு கிழடாகிச் சாகும்; ஆனால் அதன் குட்டிகள் மந்தையின் எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வரும் என்பதால் மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யை அளக்க வேண்டும். ஒரு சுடர் அணையாமல் இருப்பதற்காக இவ்வளவு நுட்பமான ஓர் ஏற்பாட்டைச் செய்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தவர்கள் உங்கள் ஊரவர்கள். அணையும் என்பதனால் அவர்கள் சுடரை ஒதுக்கவில்லை.

வெண்ணாற்றங்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. குறள் 267ஐப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தும், ‘சுட’ என்பதும் ‘சுடரும்’ என்பதும் தனித்தனிச் சொற்கள் என்பதை இன்றுதான் ஊன்றிப் பார்த்தேன். இதை ஒட்டி இரண்டு துணைக்கேள்விகள். பாரதியாரின் ‘சுட்டும் விழிச்சுடர்’ என்ற தொடரில் வரும் ‘சுட்டும்’ என்பதும் ‘சுடு’ என்பதன் வடிவமா? மேலும், ‘சுடர்விழி’, ‘சுடர்க்கொடி’ என்ற பெயர்களில் ஒன்றில் ஒற்று மிகுகிறது, மற்றொன்றில் மிகவில்லையே. இதற்கு இலக்கணம் என்ன? பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

மறுமொழி: பொருநைக்கரை

‘சுட்டும்’ என்பது சுடுதலின் வடிவம் அன்று. சுடு என்ற வினை ‘சுட்ட’ என்று இறந்தகாலத்திலும் ‘சுடும்’ என்று எதிர்காலத்திலும் பெயரெச்சமாகும். ‘சுட்டும்’ என்று வர வேண்டுமானால் வினையடி ‘சுட்டு’ என்று இருக்க வேண்டும். சுட்டிக்காட்டுதல், சுட்டெழுத்து, சுட்டுவிரல் என்பவற்றில் உள்ள சொல் அது. ஆகவே ‘சுட்டும் விழி’ என்பது ஒன்றைக் குறித்து நோக்கும் விழி. கேட்பவர் காதில் ‘சுடும் விழி’ என்ற நிழலும் சேர்ந்து விழும் என்பதைப் பாரதியார் அறியாமல் இருந்திருக்க மாட்டார். பக்கத்திலேயே ‘சுடர்’ நிற்கும்போது அந்த நிழல் விழுவதைத் தடுக்கவும் முடியாது. எனினும் இலக்கணப்படி பொருள் கொள்ள வேண்டியது நோக்கும் விழி என்றே.

அந்தப் பாட்டில் நான் மிகவும் விரும்புவது அடுத்து வரும் சொற்கள். ‘சுட்டும் விழிச்சுடர்தான் கண்ணம்மா, சூரிய சந்திரரோ’ என்று கேட்கிறார். விழி இரண்டு, சுடரும் இரண்டு. கதிரவனையும் திங்களையும் ‘இருசுடர்’ என்று சொன்ன பழைய மரபு அவர் உள்ளத்தில் இருந்ததனால்தான், ‘விழிச்சுடர்’ என்ற சொல் வாயில் வந்த உடனே ‘சூரிய சந்திரர்’ என்பது தானாக வந்து பொருந்துகிறது. ‘விழியொளி’ என்று எழுதியிருந்தால் அந்தத் தாவல் இவ்வளவு இயல்பாக நிகழ்ந்திருக்காது. உங்கள் மகளின் பெயரிலும் விழியும் சுடரும் சேர்ந்தே இருப்பதால், இந்தப் பொருத்தம் அவளுக்கும் உரியது.

இனி ஒற்று. சுடர் என்பதை வினையாகக் கொண்டால் ‘சுடர்விழி’ வினைத்தொகை. சுடர்ந்த விழி, சுடர்கின்ற விழி, சுடரும் விழி என்று முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது விதி. ஆனால் விழி என்பது வகரத்தில், அதாவது இடையினத்தில், தொடங்குவதால் பெயராகக் கொண்டு சுடர் போன்ற விழி என்று விரித்தாலும் அங்கே மிகுவதற்கு வல்லின எழுத்தே இல்லை. ஆக, உங்கள் மகளின் பெயரை எப்படிப் பொருள் கொண்டாலும் ‘சுடர்விழி’ என்று ஒரே விதமாகத்தான் எழுத வேண்டும்; பிழைக்கு இடமே இல்லை. ‘சுடர்க்கொடி’ அப்படியன்று. ‘சுடர்கொடி’ என்று ஒற்று இல்லாமல் எழுதினால் வினைத்தொகை, சுடரும் கொடி. ‘சுடர்க்கொடி’ என்று ஒற்றோடு எழுதினால் சுடரைப் பெயராகக் கொண்டு, சுடராகிய கொடி, அல்லது சுடரையுடைய கொடி என்று விரிக்க வேண்டும். கலித்தொகையின் ‘சுடர்த்தொடீஇ’ என்பதில் தகரம் மிகுந்திருப்பதால் அங்கே சுடரைப் பெயராகக் கொண்டு ‘சுடரையுடைய தொடி’ என்று விரிப்பது பொருந்தும். அந்தத் தொடியை அணிந்தவளைக் குறிப்பதால் முழுத்தொடரும் அன்மொழித்தொகை ஆகிறது. முந்தைய மறுமொழியில் ‘சுடர்கின்ற வளையல்’ என்று கருத்து மட்டும் தோன்ற எழுதினேன். சொல்லுக்குச் சொல் விரித்தால் இதுவே முறை.

மறுமொழி: செம்மண்காடு

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். சொல்லின் பொருள் வளர்ச்சி குறித்து இங்கே எழுதப்பட்டவற்றைப் படித்தபோது, ‘சுடச் சுடரும் பொன்’ என்ற தொடர் அறிவியல் அளவிலும் எவ்வளவு துல்லியமானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்தத் திடப்பொருளையும் சூடாக்கிக்கொண்டே போனால், ஏறத்தாழ 525 பாகை செல்சியசை எட்டும்போது அது இருட்டில் மங்கிய சிவப்பாகத் தானே ஒளிவிடத் தொடங்கும். இதை 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர் அளந்து கூறினார். அந்த வெப்பநிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. பொருள் இரும்பா, கல்லா, பொன்னா என்பது பெரிதாக வேறுபாடு செய்வதில்லை. வெப்பம் ஏற ஏறச் சிவப்பு செம்மஞ்சளாகி, மஞ்சளாகி, வெண்மையை நோக்கி நகரும். கொல்லர்கள் வெப்பமானி இல்லாமல் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அடிக்க வேண்டிய பதத்தை அறிவது இதனால்தான். பொன் 1064 பாகையில் உருகுகிறது. ஆகவே உருகுவதற்கு வெகு முன்பே அது தானாகச் சுடரத் தொடங்கிவிடும். உலையருகே நின்று பார்த்தவர்களுக்குச் சுடுதலும் சுடர்தலும் காரணமும் விளைவுமாகக் கண்ணெதிரே தெரிந்திருக்கும். வேரிலிருந்து கிளை பிறந்த இடம் அதுவாகவோ அடுப்பாகவோ இருக்கலாம். இரண்டிலும் நிகழ்வது ஒன்றே.

அகல்விளக்கின் சுடரும் அப்படித்தான். அதன் மஞ்சள் ஒளி பெரும்பாலும் எரியாமல் எஞ்சிய நுண்ணிய கரித்துகள்கள் வெப்பத்தால் ஒளிர்வதனால் வருகிறது. அத்துகள்கள் குளிர்ந்த தட்டில் படிந்தால் மை. சுடருக்குள் இருக்கும்போது அவையே வெளிச்சம். குழந்தைக்குக் கண்ணில் இடும் மையை நம் பாட்டிமார் விளக்கின் புகையில்தான் கூட்டினார்கள்.

சுடாமல் ஒளிர்பவையும் உண்டு. மின்மினிப் பூச்சியின் ஒளி அதன் உடலில் நிகழும் வேதிவினையால் வருவது. தொட்டால் வெம்மை தெரியாது. தமிழ் அதற்குச் சுடு என்ற வேரிலிருந்து பெயர் எடுக்காமல், பளிச்சிடுதலைக் குறிக்கும் ‘மின்’ என்ற வேரிலிருந்து எடுத்திருக்கிறது. மின்னல், மின்னுதல், விண்மீன் என்பவற்றிலும் விட்டுவிட்டு மினுங்கும் ஒளியே குறிக்கப்படுகிறது. இன்றைய பாடநூல்களில் வெம்மையின்றிப் பொருள்கள் ஒளிவிடுவதைக் குறிக்க ‘ஒளிர்தல்’, ‘நின்றொளிர்தல்’ என்ற சொற்களை ஆள்கிறோம். இழை சூடேறி ஒளிவிடும் பழைய குண்டு பல்பை ‘வெண்சுடர் விளக்கு’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. இந்தக் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் வெம்மை உள்ள இடத்தில் சுடரையும், வெம்மை இல்லாத இடத்தில் ஒளிரையும் வைத்திருப்பதைப் பார்க்கும்போது, பேச்சில் தேய்ந்துபோன அந்தப் பழைய வேறுபாடு அறிவியல் தமிழில் மீண்டும் பயன்பட்டிருப்பது புலப்படுகிறது. வகுப்பில் இவ்விரு சொற்களையும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி எழுதும் மாணவர்களுக்கு, இனிமேல் குறள் 267ஐச் சொல்லியே வேறுபாட்டை விளக்கப்போகிறேன்.